போதுமான அளவு சிறியது

ஏப்ரல் 10

ஆய்விதழிலிருந்து மின்னஞ்சல் வந்துவிட்டது. அனுப்பிப் பத்து மாதம் ஆயிற்று, ஒரு பிள்ளையே பிறந்திருக்கும். கட்டுரையை ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. திருத்தி ஜூன் கடைசிக்குள் அனுப்பு என்கிறார்கள். முதல் மதிப்பீட்டாளர் நல்ல மனிதர், நாலு எழுத்துப்பிழையைக் காட்டிவிட்டு வாழ்த்தியிருக்கிறார். இரண்டாமவர் கேட்டிருப்பது ஒரே கேள்வி. 'உராய்வுக் கெழு போதுமான அளவு சிறியது என்று ஆசிரியர் எடுத்துக்கொள்கிறார். எவ்வளவு சிறியது?'

இப்படியும் ஒருவர் கேட்பாரா? எங்கள் கணிதத் துறையில் எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறோம். யாரும் யாரையும் எவ்வளவு என்று கேட்டதில்லை. கேட்காமல் இருப்பது ஒரு மரியாதை.

மனைவி தையல்நாயகியைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது இதைச் சொல்லிப் புலம்பினேன். முதுகெலும்புக் காசநோய் வந்து அறுவை நடந்து இரண்டு வருடமாகிறது. இடுப்புக்குக் கீழே அவளுக்கு அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. கைகள் நன்றாக இருக்கின்றன, வாய் அதைவிட நன்றாக இருக்கிறது.

"அப்படி என்னதான் எழுதியிருக்கீங்க? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"மெத்துனு ஒரு பொருள். கெட்டியான தரை மேல அழுந்தி, வழுக்கி நகருது. உராயறதுல சூடு வரும். சூட்டுல பொருள் உப்பும். உப்புனா இன்னும் அழுந்தும். அழுந்துனா இன்னும் உராயும்."

"அப்புறம்?"

"உராய்வு போதுமான அளவு சின்னதா இருந்தா எல்லாம் கட்டுக்குள்ள நிக்கும். ஒரே ஒரு விடைதான் வரும். அதத்தான் நிரூபிச்சிருக்கேன்."

"சின்னதா இல்லேன்னா?"

"என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

"கடுகு சிறுத்தாலும் காரம் போகாதுங்க. அந்த ஆளு சரியாத்தான் கேட்டிருக்காரு."

வீட்டிலேயே மூன்றாவது மதிப்பீட்டாளர். இரவு மூன்று முறை எழுந்து அவளைத் திருப்பினேன், ஒரே பக்கம் அழுந்திக் கிடக்கக் கூடாது.

ஏப்ரல் 14

சித்திரை பிறந்தது. மாங்காய்ப் பச்சடியில் வேப்பம்பூ கூடிவிட்டது. தையல் ஒரு வாய் வைத்துவிட்டு, "வருஷம் எப்படி இருக்கும்னு இப்பவே சொல்லிட்டீங்க" என்றாள்.

மாலையில் அவளுடைய தலைமையாசிரியை ஜெபசீலி டீச்சர் வந்தார். பள்ளி வாசலில் சாய்தளம் கட்டி முடித்தாயிற்றாம். தையல் சமூக அறிவியல் எடுக்கும் எட்டாம் வகுப்பை மாடியிலிருந்து கீழே இறக்கிவிட்டார்களாம். அத்தனையும் இவள் படுத்த படுக்கையில் தொலைபேசியிலேயே சண்டை போட்டு வாங்கியது.

"ஜூன்ல திறக்கற அன்னிக்கு நீங்க வந்து கையெழுத்துப் போட்டுரணும் டீச்சர். லீவு எல்லாம் தீந்து போச்சு. அதுக்கப்புறம் மேனேஜ்மெண்ட் என்ன சொல்லுவாங்கன்னு எனக்கே தெரியாது" என்றார் ஜெபசீலி டீச்சர்.

"வந்துருவேன் டீச்சர். இப்பவே சேர்ல ரெண்டு பீரியடு உக்காந்துடறேன்."

அவர் போனபிறகு வெகுநேரம் தையல் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு சிரித்தபடி இருந்தாள். இரண்டு வருடத்தில் அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை.

மூன்று முறை திருப்பினேன்.

ஏப்ரல் 23

விடைத்தாள் திருத்தும் முகாம். ஒரு மாணவன் மூன்று பக்கம் எழுதிக் கடைசியில் 'எனவே நிறுவப்பட்டது' என்று போட்டிருக்கிறான். எதை நிறுவச் சொன்னார்கள் என்று அவன் பார்க்கவே இல்லை. இரக்கப்பட்டுப் பாதி மதிப்பெண் கொடுத்தேன்.

இரண்டு முறை திருப்பினேன்.

மே 4

கத்திரி தொடங்கிவிட்டது. திருச்சிக்குத் தனியாகக் கத்திரி எதற்கு என்று தெரியவில்லை, இங்கே மார்கழியைத் தவிர எல்லாம் கத்திரிதான்.

பகலில் தையலைப் பார்த்துக்கொள்ளும் சலோமி அக்கா மகளின் பிரசவத்துக்காக மணப்பாறை போய்விட்டார். வர ஒரு மாதமாகும். எனக்குக் கல்லூரி விடுமுறைதான், சமாளிக்கலாம். சோறு, துணி, மூத்திரப் பை, உடற்பயிற்சி, திருப்புவது. மீதி நேரத்தில் கட்டுரை.

மத்தியானம் மின்சாரம் போய்க் காற்று மெத்தை தொய்ந்து போனது. மறுபடி வர மூன்று மணி நேரம் ஆனது. விரிப்பு நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. மாற்றும்போது பார்த்தேன், வாலெலும்புக்கு மேலே கொஞ்சம் சிவந்திருக்கிறது. வேர்க்குரு. பவுடர் போட்டேன்.

மே 7

நன்றாகத் தூங்கினேன். காலையில் முகத்தில் தலையணை வரி பதிந்திருந்தது. கைப்பேசியில் அலாரம் சரியாக அடிப்பதில்லை, பார்க்க வேண்டும்.

மே 9

மதிப்பீட்டாளருக்குப் பதில் தேட உட்கார்ந்தேன். அந்தச் சிறிய எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் நிரூபணத்தை வால் முதல் தலை வரை அவிழ்க்க வேண்டும். தடை என்னவென்றால் 'சி'.

எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. நிரூபணத்தில் வரும் மாறிலிகளுக்கெல்லாம் தனித்தனிப் பெயர் வைத்தால் எழுத்து போதாது. அதனால் எல்லாவற்றையும் சி என்றே எழுதிவிட்டு, முதல் பக்கத்தில் 'சி என்பது ஒரு மாறிலி, அதன் மதிப்பு வரிக்கு வரி மாறலாம்' என்று ஒரு வாக்கியம் போட்டுவிடுவோம். என் கட்டுரையிலும் போட்டிருக்கிறேன். தையலிடம் படித்துக் காட்டினேன்.

"மாறிலின்னா மாறாததுதானே?"

"ஆமா."

"அது வரிக்கு வரி மாறுமா?"

"பேரு மாறாது. மதிப்பு மாறும்."

"நல்லா இருக்குங்க ஒங்க கணக்கு. புருஷன் மாதிரி."

நன்றாகச் சிரித்தோம். பிறகு ஒவ்வொரு சி-க்கும் எண் போட்டுப் பிரித்தேன். மொத்தம் பதினேழு. ஒவ்வொன்றும் முன்னதைவிடப் பெரியது. ஒரே பெயரில் இருந்ததால் இத்தனை நாள் அது கண்ணில் படவே இல்லை.

எழுந்து பார்த்தால் பால்காரர் வந்துவிட்டார். உள்ளே தையல் விழித்தபடி படுத்திருந்தாள். ராத்திரி எப்படி வைத்தேனோ அப்படியே இருந்தாள்.

மே 13

வேர்க்குரு உடைந்து கொஞ்சம் தோல் உரிந்திருக்கிறது. மிளகளவுதான். டாக்டர் நிலோஃபரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். தையலுக்கு அறுவை செய்த நாளிலிருந்து அவரிடம்தான் காட்டுகிறோம்.

"எவ்ளோ பெருசு சார்?"

"சின்னதுதான் மேடம்."

"சின்னதுன்னா?"

"மிளகு மாதிரி. அவ்வளவுதான்."

களிம்பின் பெயரைச் சொன்னார். முதுகை அழுத்தாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார், பெரிதானால் உடனே கூட்டிவரச் சொன்னார். தையலிடம் வேர்க்குரு என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். பள்ளி திறக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. அதற்குள் ஆறிவிடும், எதற்கு அவளைக் கலக்க வேண்டும்?

கொசு அதிகம். சாயங்காலம் சாம்பிராணி போட்டேன்.

மே 17

புளியங்கொட்டை அளவு இருக்கிறது. அதாவது ஏறக்குறைய அதே அளவுதான்.

தையல், "அந்த வேர்க்குருவ ஒரு போட்டோ எடுத்துக் காட்டுங்களேன்" என்றாள். எடுத்தேன். வெளிச்சம் சரியில்லை, மங்கலாக விழுந்துவிட்டது என்று அழித்துவிட்டேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "சரி, போய்த் தூங்குங்க. கண்ணு ரெண்டும் கோவப்பழமா இருக்கு" என்றாள்.

சாம்பிராணி போட்டேன்.

மே 18

தூங்கினேன்.

மே 21

எண் கிடைத்துவிட்டது. பதினேழு மாறிலிகளையும் ஒன்றோடொன்று பெருக்கி வகுத்து, கூட்டல் பிழை பார்த்து, இரண்டு முறை சரிபார்த்தேன். உராய்வுக் கெழு 0.03-க்குக் கீழே இருந்தால் என் தேற்றம் நிற்கும்.

பூச்சியம் தசமம் பூச்சியம் மூன்று. எண்ணெய் தடவிய கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும். முன்னுரையில், இக்கோட்பாடு வண்டித் தடை (பிரேக்), ரப்பர் சக்கரம், உயிர்த்திசு ஆகியவற்றுக்குப் பயன்படும் என்று எழுதியிருந்தேன். எல்லோரும் எழுதுகிற வாக்கியம்தான், மாலைக்கு நார் மாதிரி. இப்போது ஒவ்வொன்றாக அட்டவணையில் தேடினேன். தடை, கிட்டவே வராது. ரப்பர், வெட்கக்கேடு. தோலுக்கும் பருத்தித் துணிக்கும் இடையே ஏறக்குறைய அரை. வியர்த்தால் அதற்கும் மேலே.

தேற்றம் தவறில்லை. ஒவ்வொரு வரியும் சரி. ஆனால் அன்றாடம் தொடும் எந்தப் பொருளுக்கும் அது பொருந்தாது. பத்து வருட உழைப்பு. ஐம்பத்திரண்டு வயதில் இதைத் தெரிந்துகொள்ள ஒரு முகம் தெரியாத மனிதர் கேள்வி கேட்க வேண்டியிருந்தது. கோபம் அவர்மேல் வரவில்லை. யார்மேலும் வரவில்லை. அதற்குக்கூடத் தெம்பில்லை.

மே 26

தையல் பட்டுக்கரை போட்ட பருத்திப் புடவை கேட்டாள். பள்ளிக்குக் கட்டிப் போகப் போகும் புடவையாம். கட்டிவிட ஒரு மணி நேரம் ஆயிற்று. முந்தானை மடிப்பை நான் வைத்த அழகைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் மாட்டிய காலண்டரின் பின்பக்கத்தில் காவிரியை வரைந்து, எனக்கு எட்டாம் வகுப்புப் பாடம் எடுத்தாள்.

"பின் வரிசை, என்ன தூக்கம்? எழுந்திருங்க. டெல்டான்னா என்ன?"

"தெரியாது டீச்சர்."

"ஆறு கொண்டுவந்த மண்ண கடல் வாசல்ல எறக்கி வெக்கிற எடம். ஒரே நாள்ல எறக்காது. கொஞ்சம் கொஞ்சமா. யாரு கண்ணுக்கும் தெரியாது. உக்காருங்க."

போதும், படுத்துக்கொள் என்று சொல்ல இரண்டு முறை வாயெடுத்தேன். இன்னும் ஒரு பீரியடு என்றாள். நாற்காலியில் இரண்டாவது மெத்தையும் போட்டேன். அத்தனை சந்தோஷமாக இருந்தாள், எப்படிச் சொல்ல?

படுக்க வைத்தபோது பாவாடையில் கறை இருந்தது. ஊறவைத்துத் துவைத்தேன்.

மே 30

காய்ச்சல். நூற்று இரண்டு. வெயிலாக இருக்கலாம். மூத்திரத்தில் கிருமியாக இருக்கலாம். இரண்டு வருடமாக உழைக்கும் மெத்தை, அதுவும் காரணமாக இருக்கலாம். மின்வாரியத்தைக் கேட்பார் யார்?

ஜூன் 1

ஆம்புலன்ஸ் பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுவந்தேன். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது, என்னென்னவோ உளறினாள். டாக்டர் நிலோஃபர் அவளைக் கவிழ்த்துப் படுக்கவைத்துப் பிளாஸ்திரியைப் பிரித்தார். என்னைப் போகச் சொல்லவில்லை. போகச் சொல்லியிருக்கலாம்.

"வாய் சின்னதாத்தான் இருக்கு" என்றார்.

"அதத்தான் மேடம் நான்..."

பஞ்சு சுற்றிய மெல்லிய குச்சியை அந்த ஓட்டையில் விட்டார். குச்சி போனது. இன்னும் போனது. நடுவிரல் நீளம் போய் எதிலோ தட்டி நின்றது. பிறகு பக்கவாட்டில் சுற்றினார், எல்லாத் திசையிலும் அது போனது.

"படுக்கைப் புண்ணு மேலேருந்து உள்ள போறதில்ல சார். முக்கால்வாசி எலும்புகிட்ட ஆரம்பிச்சு மேல வரும். நாம தோல்ல பாக்கறப்ப உள்ள ஒரு குகையே இருக்கும். இப்ப கிருமி ரத்தத்துல ஏறியிருக்கு. நாளைக்குக் காலைல உள்ள இருக்கற செத்த சதையெல்லாம் வெட்டி எடுத்துச் சுத்தம் பண்ணணும். ரெண்டு நாள் தாண்டட்டும், அப்புறம் சொல்றேன்."

"என்ன சொல்லுவீங்க?"

அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே போனார்.

பொருளின் மேற்பரப்பில் தெரிவதை வைத்து உள்ளே நடப்பதைச் சொல்லிவிடலாம் என்பதுதான் என் தொழில். அதைச் சொல்லித்தான் சம்பளம் வாங்குகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. தையல், நீ போய்விடாதே.

ஜூன் 2

பள்ளி திறந்துவிட்டது.

ஜூன் 6

காய்ச்சல் இறங்கிவிட்டது. பிழைத்துவிட்டாள். டாக்டர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார், அந்தத் தட்டு எனக்கு உறைத்தது.

மூன்று மாதம் உட்காரக் கூடாது. பக்கவாட்டிலும் குப்புறவும்தான் படுக்க வேண்டும். குழி நிரம்பி வந்தபிறகு பக்கத்துச் சதையை இழுத்து மூட இன்னொரு அறுவை. "கடைசியில எனக்கே தையலா?" என்று டாக்டரிடம் கேட்டிருக்கிறாள். ஜெபசீலி டீச்சர் தொலைபேசியில் அழுதார். நிர்வாகம் சம்பளமில்லாத விடுப்பாக்கிப் பார்க்கலாம் என்கிறதாம், உறுதியில்லை. சாய்தளத்தில் சத்துணவு மூட்டைகளை ஏற்றுகிறார்களாம்.

மாலையில் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தேன். குப்புறப் படுத்திருப்பவளின் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் தரையில்தான் உட்கார வேண்டும்.

"தையல், ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"வேர்க்குருன்னு சொன்னதத்தானே?"

நான் தலையாட்டினேன்.

"எனக்கு வலிக்காது. மூக்கு இருக்குல்ல? வெள்ளிக்கிழமை மட்டும் சாம்பிராணி போடுற ஆளு தெனமும் போட்டா எனக்குத் தெரியாதா? முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கப் பாத்தீங்க."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டா பள்ளிக்கூடம் போகாதேன்னு சொல்லிருவீங்க. புடவ கட்டின அன்னிக்குகூட எனக்குத் தெரியும். வாசன வந்துச்சு. ஒரு பீரியடு இன்னும் எடுத்துட்டுப் படுக்கலாம்னு நெனச்சேன்."

மூச்சு வாங்கிக்கொண்டாள். நான் தண்ணீர்க் குழலை வாயில் வைத்தேன். குடித்துவிட்டு வேறு பக்கம் பார்த்தபடி சொன்னாள்.

"அது கூடப் பரவால்லங்க. சலோமி போன அந்த வாரம், நீங்க ராத்திரியில எழுந்திருக்கல."

இதை நான் எழுதியிருக்க வேண்டியது மே மாதத்தில். எழுதவில்லை. அலாரத்தில் குறை ஒன்றுமில்லை, அது அடித்தது. என் கை அதை அணைத்தது. அது எனக்குத் தெரியும்.

"நான் முழிச்சுட்டுத்தான் இருந்தேன்" என்றாள். "கூப்புடற தூரத்துலதான் படுத்திருந்தீங்க. வாயத் தொறந்தேன். நீங்க கொறட்ட விட்டுக்கிட்டு, வாயோரமா எச்சி ஒழுகிக்கிட்டு, சின்னப் புள்ள மாதிரி தூங்குனீங்க. ரெண்டு வருஷத்துல நீங்க அப்படித் தூங்கி நான் பாக்கல. எழுப்ப மனசு வரல. ஒரு நாள் திரும்பாட்டா என்ன ஆயிரும், சின்ன விஷயம்தானேன்னு விட்டேன். மறுநாளும் அப்படித்தான் விட்டேன். நானும் ஒங்க தேற்றத்தத்தான் நம்பிட்டேன்."

நான் அழுதேன். அவள் கட்டிலிலிருந்து கையைத் தொங்கவிட்டாள். அது என் தலையில் வந்து விழுந்தது. செவிலி வந்து பார்த்துவிட்டு அப்புறம் வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

"எழுப்பியிருக்கணும் தையல்."

"எழுப்பியிருக்கணும். இனிமே எழுப்புவேன். திட்டக் கூடாது."

"திட்ட மாட்டேன்."

"திட்டுவீங்க. பரவால்ல."

ஜூன் 19

குழி நிரம்பத் தொடங்கியிருக்கிறது என்றார் டாக்டர். ஆழத்தை எண்ணாகச் சொல்லச் சொன்னேன். சொன்னார். அகலத்தையும் கேட்டேன். என்னைப் பார்த்துக்கொண்டே அதையும் சொன்னார்.

ஜூன் 28

கட்டுரையை அனுப்பிவிட்டேன். முன்னுரையில் தடையையும் ரப்பரையும் உயிர்த்திசுவையும் எடுத்துவிட்டேன். 'போதுமான அளவு சிறியது' என்ற இடத்தில் 0.03 என்று எழுதினேன். கீழே ஒரு குறிப்பு: 'அன்றாடப் பொருள்கள் எதற்கும் இந்த எல்லை பொருந்தாது. தோலும் துணியும் சேரும் இடத்தில் உராய்வு இதைவிடப் பல மடங்கு அதிகம். அங்கே என்ன நடக்கும் என்று இத்தேற்றத்தால் சொல்ல இயலாது.' சி-க்களைப் பதினேழு பெயர்களில் எழுதினேன். பார்க்க அசிங்கமாக இருக்கிறது.

தையலுக்குப் படித்துக் காட்டினேன்.

"அப்ப இது யாருக்கும் ஒதவாது?"

"இப்போதைக்கு ஒதவாது."

"பின்ன ஏன் அனுப்புறீங்க?"

"கேட்டாரு. பதில் சொல்லணும்ல."

கன்னம் தலையணையில் அழுந்தியிருக்க, ஒரு கண்ணால் என்னைப் பார்த்து, "நல்ல ஆளுதான் அவரு" என்றாள்.

ஜூலை 5

வீட்டுக்கு வந்துவிட்டோம். சலோமி அக்கா திரும்பி வந்துவிட்டார், பேத்தியாம். வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று காலண்டரில் இருந்த காவிரியைக் கிழித்துப் பழைய பேப்பரோடு போட்டிருந்தார். எடுத்து மறுபடி ஒட்டினேன். காலாண்டுப் பரீட்சை முடிந்து போவேன் என்கிறாள் தையல். விடுவார்களா என்று தெரியாது. அதைத் தெரியாது என்றே அவளிடம் சொன்னேன்.

என் படுக்கையை அவள் கட்டிலோடு ஒட்டிப் போட்டேன். அவள் கை எட்டுகிறதா என்று பார்த்தோம். எட்டுகிறது.

ஜூலை 6

தோளைப் பிடித்து உலுக்கி எழுப்பினாள். திட்டினேன். திருப்பினேன்.